யோசித்த இரண்டு

கழகத்துக்குள் 'சீட்டாட்டம்' என்று சொல்லக்கூடாது. 'அட்டைசார் அறிவுப் போட்டி' என்றுதான் சொல்ல வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் வாசல் மேசையில் இருந்த குமாஸ்தாவிடம், "சீட்டாட வந்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கடிதம். அச்சடித்தே வைத்திருந்தார்கள், பெயரையும் குற்றத்தையும் நிரப்பினால் போதும். குற்றம் என்ற இடத்தில் 'சீட்டாட வந்தது' என்று எழுதினேன். அந்தச் சொல்லை மறுபடியும் பயன்படுத்தியதற்காக இரண்டாவது படிவம் கொடுத்தார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. மாட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு பயந்திருந்தாலும் நேராகப் பேசுவார்கள். "கதவைத் திறப்பா" என்பார்கள், அவ்வளவுதான். கழகத்தில் யாரும் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. அதனாலோ என்னவோ, யாரும் நேராகப் பேசியும் நான் கேட்டதில்லை.

என்னை அங்கே இழுத்துப் போனவர் என் மாமியார். முப்பது வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு தடவை கேட்ட எண்ணை மறக்க மாட்டார். பிரிட்ஜ் ஆட்டத்தில் இருபத்தாறு வருஷமாகக் கழக உறுப்பினர். அவருக்குக் கூட்டாளியாக ஆடிக்கொண்டிருந்த தோழி, மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஆறு மாதம் கூட்டாளி இல்லாதவர் கழக விதிப்படி 'செயலற்ற உறுப்பினர்'. அவருக்கு நாற்காலி உண்டு, மேசை கிடையாது.

"மாப்பிள்ளை, பதிமூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா உங்களுக்கு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"பதினாலு மாடி வரைக்கும் ஏறி இறங்கியிருக்கேன் அத்தை."

"அப்போ ஒண்ணு மிச்சமே இருக்கு. வாங்க."

ஆட்டம் புரிந்துகொள்ள அத்தனை கஷ்டமில்லை. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கினால் அது ஒரு பிடி, பெரிய சீட்டுப் போட்டவருடையது. ஆகமொத்தம் பதிமூன்று பிடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் சொல்ல வேண்டும், பிறகு சொன்னதை எடுத்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டு எடுப்பேன் என்று சொல்லி எடுத்தால் அது ஸ்லாம். சொல்லாமல் எடுத்தால் வெறும் பன்னிரண்டு. ஏலத்தில் பன்னிரண்டை 'ஆறு' என்று சொல்ல வேண்டும். முதல் ஆறு பிடி கணக்கில் வராது. ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார் அத்தை. அவர் காரணம் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அவருக்கு அவசரம் இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டிருக்கிறதாம். ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. ஒரு வருஷத்துக்குள் ஸ்பேடு எது, கிளாவர் எது என்று பிரிக்க முடியாமல் போகும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவகிட்ட சொன்னா என்னை வீட்டோட உக்கார வெச்சிருவா. இந்த வருஷப் போட்டிதான் எனக்குக் கடைசி. ஒரே ஒரு ஸ்லாம் மாப்பிள்ளை. சொல்லி எடுக்கணும். பலகையில என் பேர் வரணும்."

கழக மண்டபத்தின் சுவரில் ஒரு பெரிய தேக்குப் பலகை உண்டு. ஆண்டுப் போட்டியில் ஸ்லாம் சொல்லி எடுத்தவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதி வைப்பார்கள். அத்தை இரண்டு தடவை எடுத்திருக்கிறார். முதல் தடவை மதிப்பெண் சீட்டைப் பென்சிலில் எழுதிவிட்டார் என்று தள்ளுபடி. இரண்டாம் தடவை பன்னிரண்டாவது பிடி விழுந்ததும் "அப்பாடா" என்று சொல்லிவிட்டார். அது 'அளவுக்கு மீறிய உணர்ச்சி' என்று தள்ளுபடி. பலகையில் அப்போது நாற்பத்தொரு பெயர் இருந்தது. அவ்வளவு பேரும் பேனாவில் எழுதி, கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்து எடுத்தவர்கள் போலிருக்கிறது.

ஐந்து மாதம் பயிற்சி எடுத்தேன். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் சீட்டைப் பரப்பிக்கொள்வோம். ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. கூட்டாளி 'நாலு நோட்ரம்ப்' என்று ஏலம் சொன்னால், உன்னிடம் ஏஸ் எத்தனை என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்றால் ஐந்து கிளாவர், ஒன்று என்றால் ஐந்து டைமண்ட், இரண்டு என்றால் ஐந்து ஆட்டின், மூன்று என்றால் ஐந்து ஸ்பேடு என்று பதில் சொல்ல வேண்டும். இதை நான் லிஃப்ட் கணக்கில் மனப்பாடம் செய்தேன். கிளாவர் தரைத்தளம், டைமண்ட் முதல் மாடி, ஆட்டின் இரண்டாம் மாடி, ஸ்பேடு மூன்றாம் மாடி. யாராவது கேட்டால் மனசுக்குள் ஏறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன்.

போட்டி நாளில் எங்கள் மேசைக்கு எதிர் ஜோடியாக வந்தவர்கள் கழகத் தலைவரும் செயலாளரும். தலைவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்கு மட்டும்தான், தோரணைக்கு இல்லை. பெரிய கைக்கடிகாரம், சட்டைப் பையில் சிவப்பு அட்டை போட்ட நோட்டு. செயலாளர் இன்சூரன்ஸ்காரர். தலைவர் சிரித்தால் சிரிப்பார், தலைவர் இருமினால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.

சீட்டுப் போட்டார்கள். அத்தை தன் பதிமூன்றையும் முகத்துக்கு ஓரமாகச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேராகப் பிடித்தால் அவருக்குத் தெரியாது.

வாயால் ஏலம் சொல்லக்கூடாது, அச்சடித்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும். அத்தை ஒரு ஸ்பேடு வைத்தார். எனக்கு நல்ல கை. மூன்று ஸ்பேடு வைத்தேன். அத்தை கொஞ்சமும் தயங்காமல் நாலு நோட்ரம்ப் வைத்தார். ஏஸ் எத்தனை என்கிறார்.

என்னிடம் இரண்டு இருந்தது, ஆட்டினும் டைமண்டும். லிஃப்டில் ஏறினேன். தரைத்தளம், முதல் மாடி... பதற்றத்தில் நடுவே நின்றுவிட்டது. மறுபடி தரையிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் மாடி ஆட்டின்தானே? ஆட்டின்தான். ஐந்து ஆட்டின் அட்டையை எடுத்து வைத்தேன்.

அத்தை ஆறு ஸ்பேடு வைத்தார். பன்னிரண்டு பிடி. தலைவர் 'டபுள்' அட்டையைப் பட்டென்று வைத்தார், எடுத்துக் காட்டு பார்க்கலாம் என்று சவால். வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பு நோட்டை வெளியே எடுத்தார்.

ஏலம் எடுத்தவரின் கூட்டாளி சீட்டைப் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்குப் பெயரே டம்மி. நான் சும்மா இருந்தேன். முதல் பிடியைத் தலைவர் கிளாவர் ஏஸில் எடுத்தார். இனி ஒன்றுகூடப் போகக்கூடாது. இரண்டாவதை அத்தை துருப்பால், அதாவது ஏலம் சொன்ன ஸ்பேடால், வெட்டினார், பிறகு துருப்பை வரிசையாக இறக்கினார். நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் பதினொன்றுதான் வந்தது. அத்தைக்கும் அது தெரியும். ஆனால் கடைசியில் எப்படியோ என் பக்கம் பரப்பியிருந்த டைமண்ட் ரெண்டு, சீட்டுக்கட்டிலேயே அற்பமான அந்த ரெண்டு, ஒரு பிடியை எடுத்துவிட்டது. பன்னிரண்டு.

அத்தை "அப்பாடா" சொல்லவில்லை. மதிப்பெண்ணைப் பேனாவால் எழுதினார்.

"நடுவர்!" என்றார் தலைவர்.

நடுவர் ஓடி வந்தார். தலைவர் எழுந்து நின்றார். நாலு பேர் கேட்பதற்கு நானூறு பேருக்கான குரல்.

"நாலு நோட்ரம்புக்குப் பதில் சொல்ல இந்த உறுப்பினர் பதினோரு விநாடிகள் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினோரு விநாடிகளில் அவர் தம் கூட்டாளிக்கு எதையோ தெரிவித்திருக்கிறார். அதன் விளைவே இந்த ஸ்லாம்."

"ஐயா, ரெண்டு ஏஸ் இருந்துச்சு, ரெண்டுன்னு சொன்னேன்" என்றேன். "அதுல தெரிவிக்க என்ன இருக்கு?"

"இரண்டு என்பதை எல்லோரும் சொல்லலாம். ஆனால் ஒருவர் இரண்டைச் சொல்லப் பதினோரு விநாடி எடுத்துக்கொண்டால், அது வெறும் இரண்டு அல்ல. யோசித்த இரண்டு!"

செயலாளர் தலையாட்டினார். நடுவர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஸ்லாம் நிறுத்தி வைக்கப்பட்டது.

விசாரணைக் குழு ஐந்து வாரம் கழித்துக் கூடியது. குழுவுக்கு எப்போதும் தலைவரே தலைவர். இந்தத் தடவை அவரே புகார்தாரர் என்பதால், நீதி கெட்டுவிடக் கூடாது என்று தலைமை நாற்காலியை விட்டு விலகினார். விலகிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்தார். மூன்றாவது உறுப்பினர் தலைவரின் சம்பந்தி. அவர் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவருடைய நடுநிலையை யாரும் சந்தேகித்ததில்லை.

முதல் அமர்வில் என் யோசனையை அளந்தார்கள். செயலாளர் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"போட்டியன்று யோசித்தது போலவே இப்போது யோசிக்கவும்."

யோசித்தேன். ஐந்து ஆட்டின் அட்டையை எடுத்து வைத்தேன்.

"நான்கு விநாடி" என்றார் செயலாளர். "மீதி ஏழு விநாடி எங்கே?"

"இப்போ பதில் தெரியுமேங்க."

"எழுதிக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஏழு விநாடியை மறைக்கிறார்." பிறகு என்னைப் பார்த்து, "அன்று எதைப் பற்றி யோசித்தீர்கள்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "லிஃப்டைப் பத்தி" என்றேன்.

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். என் பெயரில் இரண்டாவது குற்றம் பதிவாயிற்று: கழக மண்டபத்தில், கழக நேரத்தில், கழகம் சாராத சிந்தனை. அத்தோடு நான் யோசிக்கும்போது ஒரு புகைப்படமும், யோசிக்காதபோது ஒரு புகைப்படமும் எடுத்துத் தாக்கல் செய்யும்படி உத்தரவானது. ஸ்டூடியோவில் போய் இரண்டும் எடுத்தேன். குழு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது. எது யோசிக்கிற முகம் என்று மூவருக்கும் ஒத்துவரவில்லை. ஆகையால் நான் முகத்தைத் திட்டமிட்டு ஒரே மாதிரி வைத்துக்கொள்கிறவன் என்று முடிவு செய்தார்கள். இந்த முகத்தோடுதான் நாற்பத்து நாலு வருஷமாக இருக்கிறேன், கட்டிக்கொடுத்த அத்தையைக் கேளுங்கள் என்றேன். அவர் கூட்டாளி, சாட்சி செல்லாது என்றார்கள்.

இதெல்லாம் இரண்டு மாதத்தை விழுங்கிவிட்டது. கழகத்துக்கு நேரம் நிறைய இருந்தது, அத்தைக்கு இல்லை. வீட்டில் தேநீர்க் குவளையைப் பிடிக்கக் கையை நீட்டும்போது ஓர் அங்குலம் தள்ளி நீட்ட ஆரம்பித்திருந்தார். என் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். அன்று அம்மாவும் மகளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அடுத்த விசாரணை என்னைக்கு? நான் லீவு போட்டுட்டு உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

இரண்டாவது அமர்வில் நிபுணர் கருத்துக் கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஐந்து பேரை ஒவ்வொருவராக அழைத்து, அத்தையின் சீட்டுகளைக் கொடுத்து, கூட்டாளி இரண்டு ஏஸ் என்று சொன்னால் நீங்கள் என்ன ஏலம் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து பேரும் ஆறு ஸ்பேடு என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

செயலாளர் எழுந்தார்.

"ஐவரில் மூவர் உடனடியாக விடை சொன்னார்கள். யோசிக்காமல் சொல்வதைக் கருத்து என்று குழு ஏற்க முடியாது. மீதி இருவர் யோசித்துச் சொன்னார்கள். யோசித்ததால், அவர்கள் மீதும் அதே சந்தேகம் விழுகிறது. எனவே நிபுணர் கருத்து எதுவும் கிடைக்கவில்லை என்று பதிவு செய்யப்படுகிறது."

"கேக்கிறவன் கேணையனா இருந்தா..." என்று என் மனைவி பின்வரிசையில் ஆரம்பித்தாள். பார்வையாளர் பேசக்கூடாது என்று நடுவர் கையைக் காட்டினார். மீதியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசினாள்.

மூன்றாவது அமர்வு தீர்ப்புக்கு. மண்டபம் நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அடுத்தவனுக்கு ஸ்லாம் போவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். தீர்ப்புக்கு முன் தலைவர் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார். தனக்குத் தானே அனுமதியும் கொடுத்தார்.

"இந்தப் புகாரில் எனக்குத் தனிப்பட்ட லாபம் இல்லை. ஒரு ஸ்லாமை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், அதற்குச் சீட்டு போதும். ஆனால் அதைத் தடுக்க ஒழுக்கம் வேண்டும். அன்று ஆட்டம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று நான் சோம்பி இருக்கவில்லை. நினைவு மங்குமுன், ஆட்டத்தின் நடுவிலேயே, நான்காம் பிடியிலிருந்து எட்டாம் பிடி வரை, தலையைக்கூட நிமிர்த்தாமல் இந்தப் புகாரை எழுதி முடித்தேன். கடமை என்றால் அதுதான்."

கைதட்டினார்கள். செயலாளர் தீர்ப்பை வாசித்தார். பன்னிரண்டு பிடிகள் எடுக்கப்பட்டதைக் குழு மறுக்கவில்லை. எடுப்பதாக முன்கூட்டியே சொல்லப்பட்டதையும் மறுக்கவில்லை. சொன்னவருக்குச் சொல்லும் தகுதி அந்த நேரத்தில் இல்லை என்று மட்டும் கருதுகிறது. ஆகவே ஸ்லாம் ரத்து. "விதி அறுபத்திரண்டின்படி, ரத்தான ஸ்லாம், நால்வரின் சீட்டுகளோடும் பதிமூன்று பிடிகளின் விவரத்தோடும் கழக மாத இதழில் வெளியிடப்படும். உறுப்பினர்கள் படித்துத் திருந்தும் பொருட்டு."

என் காதில் ரத்து என்பதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. இருபத்தாறு வருஷம். பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை எழுந்தார். "ஒரு சந்தேகங்க. பதிமூணு பிடியும் போடுவீங்களா?"

"பதிமூன்றும்" என்றார் செயலாளர்.

"யார் யார் என்ன சீட்டு போட்டாங்கன்னு?"

"விதி அப்படித்தான் சொல்கிறது."

"விவரம் உங்ககிட்ட இருக்கா? நான் சொல்றேன், எழுதிக்குங்க." கண்ணை மூடிக்கொண்டார். எண்களை இணைத்துக் கொடுத்த காலத்துக் குரல், ஏற்ற இறக்கமே இல்லை. "முதல் பிடி, தலைவர் கிளாவர் ஏஸ். ரெண்டாவது, கிளாவர் ராணி, நான் துருப்பு வெட்டினேன். மூணு, நாலு, தலைவர் ஸ்பேடு போட்டாரு. அஞ்சாவது கிளாவர் நாலு, ஆறாவது கிளாவர் ஏழு, ரெண்டும் வேண்டாத சீட்டு, சரியாத்தான் தள்ளினாரு. ஏழாவது பிடி..." நிறுத்தினார். "ஐயா, ஏழாவதுல என்ன தள்ளினீங்க?"

தலைவர் தொண்டையைச் செருமினார். செயலாளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"நினைவில்லை" என்றார் தலைவர்.

"டைமண்ட் எட்டு. அப்போ உங்க கையில ரெண்டு ஜாதிதான் தள்ளறதுக்கு இருந்துச்சு. கிளாவர் பத்து ஒண்ணு, அது குப்பை. டைமண்டுல நாலு சீட்டு, அதுல ஒண்ணுகூடப் போகக்கூடாது. ஏன்னா எங்க மாப்பிள்ளை கையிலயும் டைமண்டுல நாலு சீட்டு இருந்துச்சு, நீங்களும் நாலு வெச்சிருந்தா எங்க கடைசி டைமண்டை நீங்க பிடிச்சிருப்பீங்க. மேசை மேல விரிச்சு வெச்சிருந்துச்சு. கண்ணு சரியில்லாத எனக்கே தெரிஞ்சுது. குப்பையை வெச்சுக்கிட்டு நீங்க டைமண்டைத் தள்ளினீங்க. அதனாலதான் எங்க டைமண்ட் ரெண்டுகூட ஒரு பிடி எடுத்துச்சு. நியாயமாப் பாத்தா எனக்குப் பதினொண்ணுதான் வரணும். ஸ்லாம் நான் எடுத்தது பாதி, நீங்க குடுத்தது பாதி. தலையை நிமித்தாம எழுதிக்கிட்டு இருந்தீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க."

தலைவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. மண்டபத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். செயலாளருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, ஐந்து வருஷ விசுவாசம் அந்த ஒரு நிமிஷத்தில் நழுவிவிட்டது.

"நானும் அன்னைக்கே கேக்கலாம்னு இருந்தேன் சார்" என்றார். "டைமண்ட் எதுக்கு சார் போட்டீங்க?"

"நீ சும்மா இருய்யா!" என்றார் தலைவர். அவர் வாயிலிருந்து மனிதத் தமிழ் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன? என்ன போட்டாராம்?" என்று சம்பந்தி காதில் கையை வைத்துக்கொண்டு எல்லோரையும் கேட்டார். ஒருவர் சத்தம் போட்டு அவருக்குச் சொன்னார். "டைமண்டையா? எதுக்கு?" என்று அவர் அதைவிடச் சத்தமாகக் கேட்டார்.

பத்து நிமிஷம் இடைவேளை. குழு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. திரும்பி வந்தபோது தலைவர் முகத்தில் கருணை வழிந்தது.

"மூத்த உறுப்பினர் ஒருவரின் நெடுநாள் ஆர்வத்தைக் கழகம் மதிக்கிறது. சட்டத்தைவிட மனிதம் பெரிது என்று நான் எப்போதும் நம்புகிறவன். ஆகவே பெருந்தன்மையோடு புகாரைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்லாம் செல்லும். அம்மையாரின் பெயர் நாளையே பலகையில் தங்க எழுத்தில் ஏறும். ஸ்லாம் செல்வதால், இதழில் வெளியிட வேண்டிய அவசியம் எழவில்லை." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். "வாசித்த தீர்ப்பைத் திரும்பப் பெற, பாதிக்கப்பட்டவரின் சம்மதக் கையெழுத்து மட்டும் தேவை. ஒரு சம்பிரதாயம்தான்."

செயலாளர் காகிதத்தையும் பேனாவையும் அத்தையின் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலை வைத்துக் காட்டினேன். பின்வரிசையில் என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

அத்தை பேனாவைக் கையில் எடுத்தார். போடவில்லை.

"மாப்பிள்ளை, அந்தப் பலகையில என் பேர் எங்க வரும்?"

"கடைசியில அத்தை. கீழ் வரிசையில."

"மேல இருக்கிறதைக் கொஞ்சம் படிங்க. எனக்கு இப்போ தெரியல. ரொம்ப நாளா நல்லாப் பாக்கவும் இல்லை."

பலகையின் அருகே போய்ப் படித்தேன். ஆளைத் தெரிந்தவரை ஆளின் உறவைச் சேர்த்தே சொன்னேன். தலைவர். தலைவரின் சம்பந்தி. செயலாளர். மறுபடியும் தலைவர். தலைவரின் மனைவி, அந்த அம்மாள் வருஷத்துக்கு ஒரு நாள்தான் கழகத்துக்கு வருவார். செயலாளரின் மைத்துனர். முன்னாள் செயலாளர். தலைவர்...

"போதும்" என்றார் அத்தை. பேனாவை மூடினார். முதல் நாள் அந்தக் குமாஸ்தா மூடியதைவிட நிதானமாக மூடினார்.

"எனக்கு இந்தக் கூட்டத்துல இடம் வேண்டாங்க. இருபத்தாறு வருஷமா அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்துட்டேன், என்ன எழுதியிருக்குன்னு படிக்கல, தப்பு என் மேலதான். உங்க தீர்ப்பு தீர்ப்பாவே இருக்கட்டும். என் ஸ்லாமை ரத்து பண்ணுங்க. பண்ணிட்டு, விதி அறுபத்திரண்டுப்படி அச்சடிங்க. பதிமூணு பிடியும்."

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தலைவர். குரல் கம்மிவிட்டது.

"யோசிச்சா தப்புன்னுதானே நாலு மாசமா சொல்றீங்க" என்றார் அத்தை. "யோசிக்காமலே சொல்றேன். அச்சடிங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் குமாஸ்தா எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். அவர் எந்தப் படிவமும் நீட்டாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதழை மூன்று வாரம் தாமதம் செய்து பார்த்தார்கள். உறுப்பினர்கள் நாள்தோறும் கேட்டு நச்சரித்ததில் வேறு வழியில்லாமல் வெளியிட்டார்கள். கடைசிப் பக்கத்தில், கழிப்பறைப் பராமரிப்பு அறிவிப்புக்குக் கீழே, எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வருஷத்தில் அந்த இதழ் மட்டும்தான் இரண்டாம் முறை அச்சானது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தபாலில் வந்த அன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து இதழை என் பக்கம் தள்ளினார். என் மனைவி தேநீரை அவர் கையிலேயே கொடுத்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். நாலு பேரின் சீட்டையும் படித்தேன். முதல் பிடி, இரண்டாவது பிடி என்று வரிசையாக வந்தேன். ஏழாவது வந்ததும் அத்தை குவளையைக் கீழே வைத்தார்.

"என்ன போட்டாருன்னு போட்டிருக்கு?"

"டைமண்ட் எட்டு, அத்தை."

"கையில?"

"கிளாவர் பத்து."

"யார் போட்டதுன்னு பேரு இருக்கா?"

"இருக்கு. முழுப் பேரும். பட்டத்தோட."

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்க மாப்பிள்ளை" என்றார். "கொஞ்சம் சத்தமா."